மிச்சச் சோறும் உணவு வங்கியும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் ஒரு சச்சரவு நடந்தது. வாலிபர்கள் நாலைந்து பேர் ஒரு யோசனை கொண்டு வந்தார்கள். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் மீந்துபோகிற சோற்றை வண்டி வைத்து எடுத்து வந்து, பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் குடிசைப் பகுதியிலும் கொடுக்கும் வேலையில் நம் சங்கமும் சேர வேண்டும் என்றார்கள். ஸ்பின்னிங் காதாவில் முப்பது வருஷம் உழைத்த நம் மூத்த தோழர் எழுந்து, "சங்கம் வைத்தது கூலி கேட்க, எச்சில் சோறு சுமக்க அல்ல" என்று ஒரே போடாகப் போட்டார். "கூலி உயரும் வரையில் இன்றைக்குப் பசிக்கிறவன் என்ன செய்வான்?" என்று வாலிபர்கள் திருப்பிக் கேட்டார்கள். சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விதான். அதனால் தீர்மானத்தை ஒத்திவைத்துவிட்டு, இந்த மீந்த உணவுக் காரியம் எங்கே, யாரால் ஆரம்பித்தது, இன்று எங்கே வந்து நிற்கிறது என்று விசாரித்து வந்து சொல்லும்படி என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தவறு இருந்தால் இடையில் எழுந்து கேளுங்கள்.

இந்தக் கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. பசி என்றால் பீகாரும் ஆப்பிரிக்காவும்தான் நமக்கு ஞாபகம் வரும். உலகத்துக்கே கோதுமை விற்கிற அமெரிக்காவில், 2023-ஆம் வருஷத்தில், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நிச்சயமில்லாத குடும்பங்களில் வாழ்ந்தவர்கள் 4 கோடியே 74 லட்சம் பேர். இது அந்த நாட்டு சர்க்காரின் விவசாய இலாகாவே எடுத்த கணக்கு. அதே இலாகா இன்னொரு கணக்கும் சொல்கிறது. அங்கே விளைவித்து, பதப்படுத்தி, விற்பனைக்கு வருகிற உணவில் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது பங்கு வரை வீணாகிறது. இரண்டு கணக்கையும் ஒரே இலாகா எழுதி வைத்திருக்கிறது, பாருங்கள்!

இனி மனிதரின் கதைக்கு வருகிறேன். ஜான் வான் ஹெங்கல் என்று ஒருவர். 1923-இல் விஸ்கான்சின் மாகாணத்தில் பிறந்தவர். படித்தவர். கலிபோர்னியாவில் வசதியாக இருந்து, பிறகு குடும்பம் பிரிந்து, ஊருக்குத் திரும்பிக் கல்குவாரியில் வேலை பார்த்தார். அடிபட்டு, கழுத்தில் ஆபரேஷன் ஆகி, உடம்பு தேறுவதற்காக அரிசோனா மாகாணத்தில் பீனிக்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ஏழைகளுக்குச் சோறு போடும் ஒரு கிறிஸ்துவ தர்மக் கூடத்தில் தொண்டு செய்தார். பீனிக்ஸில் வீட்டுக்கு வீடு ஆரஞ்சு, எலுமிச்சை மரங்கள். பழம் உதிர்ந்து தரையில் கிடக்கும், பொறுக்க ஆள் இருக்காது. ஒரு பழைய பால் வண்டியை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பழம் பறித்துத் தர்மக் கூடங்களுக்குக் கொடுத்து வந்தார்.

அப்போது ஒரு தாயைச் சந்தித்தார். பத்துக் குழந்தைகள். புருஷன் ஜெயிலில். பெரிய மளிகைக் கடைகளின் பின்பக்கம் குப்பைத் தொட்டியில் கிடக்கிறதைப் பொறுக்கித்தான் பிள்ளைகளை வளர்த்து வந்தாள். வெளியே போடுகிறது பெரும்பாலும் நல்ல சாமான்தான் என்று அவளுக்குத் தெரியும். பெட்டி நசுங்கியிருக்கும், சீட்டில் போட்ட தேதி நெருங்கியிருக்கும், அவ்வளவுதான். வேண்டாத உணவைப் போடுகிறவர்கள் போடவும், வேண்டுகிறவர்கள் வந்து எடுக்கவும் பாங்கு மாதிரி ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று அவள்தான் கேட்டாள். வான் ஹெங்கல் அதைப் பிடித்துக்கொண்டார். செயின்ட் மேரி தேவாலயம் ஒரு பாழடைந்த ரொட்டிக் கிடங்கையும் 3,000 டாலரையும் கொடுத்தது. 1967-இல் செயின்ட் மேரி உணவு வங்கி ஆரம்பமாயிற்று. உலகத்திலேயே முதல் உணவு வங்கி அதுதான் என்கிறார்கள். முதல் வருஷத்திலேயே 2,75,000 ராத்தல், அதாவது சுமார் 125 டன் உணவு, 36 தர்ம ஸ்தாபனங்களுக்குப் போயிற்று.

வான் ஹெங்கல் எளிமையாக வாழ்ந்தவர். பிறர் கொடுத்த பழந்துணியை உடுத்திக்கொண்டு 2005-இல் இறக்கும் வரை அப்படியே இருந்தார். அவரைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒன்று: அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. யோசனை சொன்ன அந்தத் தாயின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1979-இல் நாடு தழுவிய ஸ்தாபனம் ஒன்று அமைத்தபோது அதற்கு 'இரண்டாம் அறுவடை' என்று பெயர் வைத்தார்கள். விவசாயத் தோழர்களுக்கு இந்தப் பெயரை நான் விளக்க வேண்டியதில்லை. அறுவடை முடிந்து கட்டுக் கட்டாகக் களத்துக்குப் போன பிறகு, வயலில் சிந்திக் கிடக்கிற கதிரைப் பொறுக்குவது நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலை. நானும் என் தாயார் பின்னால் நடந்து பொறுக்கியிருக்கிறேன். மத்தியானம் வரை குனிந்தால் மடிக்கு ஒரு மரக்கால் நெல் தேறும். ஒரு நாள் பண்ணையின் காரியஸ்தர் வந்து, "பொறுக்கினதா, கட்டிலிருந்து உருவினதா?" என்று கேட்டு, தாயாரின் மடியை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார். கொட்டினார். காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துக்கோ" என்று போய்விட்டார். நெல் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் தாயார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இப்போது அறுவடை மெஷின் வந்துவிட்டது. பொறுக்கவும் கதிர் சிந்துவதில்லை, அறுக்கவும் ஆள் கூப்பிடுவதில்லை.

கதிர் பொறுக்குவது உரிமையா, தயவா? இந்தக் கேள்வி மிகப் பழையது. யூதர்களின் பழைய வேதச் சட்டத்தில், வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்று விதி இருக்கிறது. இங்கிலாந்துக் கிராமங்களிலும் ஏழை ஜனங்கள் இதைத் தங்கள் உரிமை என்றே நினைத்து வந்தார்கள். சஃபோக் ஜில்லாவில் டிம்வொர்த் என்ற ஊரில் மேரி ஹௌட்டன் என்ற பெண் ஒரு விவசாயியின் வயலில் கதிர் பொறுக்கினாள். நிலக்காரர் வழக்குப் போட்டார். கதிர் பொறுக்கச் சட்டப்படி யாருக்கும் உரிமை கிடையாது என்று 1788-இல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்புக்குப் பிறகும் பல ஊர்களில் பொறுக்குவது நிற்கவில்லை. ஆனால் அதுவரை 'என் பங்கு' என்று குனிந்தவள், அதற்குப் பிறகு 'ஐயா புண்ணியம்' என்று குனிய வேண்டியதாயிற்று. நெல் ஒன்றுதான், குனிகிற விதம் மாறிவிட்டது.

நம் மூத்த தோழருக்கு எச்சில் சோறு என்று கோபம் வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, உணவு வங்கி எப்படி இவ்வளவு பெருத்தது? ஒரு பாழடைந்த கிடங்கில் ஆரம்பித்த காரியம் இன்று 'ஃபீடிங் அமெரிக்கா' என்ற பெயரில் (2008-இல் பெயர் மாற்றினார்கள்) சுமார் 200 உணவு வங்கிகளும், அவற்றின் கீழ் 60,000 விநியோக இடங்களும் கொண்ட பெரிய ஏற்பாடாக நிற்கிறது. தொண்டர்களின் நல்ல மனசு மட்டும் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிடாது. இரண்டு விஷயங்கள் உதவின.

முதலாவது வரி. 1976-இல் அமெரிக்க வரிச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு கம்பெனி தன் சரக்கைத் தர்மமாகக் கொடுத்தால், அதன் அடக்க விலையை மட்டுமல்ல, விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தில் பாதியையும் சேர்த்து வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்; அடக்க விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு மட்டும் உண்டு. விற்காத சரக்கைக் குப்பைக்கு அனுப்பினால் லாரிக் கூலி கொடுக்க வேண்டும். உணவு வங்கிக்கு அனுப்பினால் கூலியும் மிச்சம், வரியும் மிச்சம், பத்திரிகையில் போட்டோவும் வரும். 1996-இல் இன்னொரு சட்டம் வந்தது. நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவினால் யாருக்காவது கெடுதி நேர்ந்தால், பெரிய கவனக்குறைவு இல்லாதவரை கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. இந்தச் சட்டம் தேவையானதுதான் என்பது என் அபிப்பிராயம். வழக்குக்குப் பயந்து நல்ல உணவில் மண்ணைப் போட்டவர்கள் உண்டு.

இரண்டாவது விஷயம் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. 1930-களின் பொருளாதார நெருக்கடியின்போது பன்றி விலை விழுந்துவிட்டது. விலையைத் தூக்குவதற்காக 1933-இல் சர்க்கார் சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளை விலைக்கு வாங்கிக் கொன்றது. பெரும்பாலும் உரத்துக்கும் கொழுப்புக்கும்தான் போயிற்று. ரொட்டிக்கு நீண்ட வரிசையில் நின்ற ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் உபரியை வாங்கி ஏழைகளுக்கு விநியோகிக்க ஒரு சர்க்கார் ஸ்தாபனமே அந்த வருஷம் அக்டோபரில் வைத்தார்கள். 1939-இல் ராச்செஸ்டர் நகரத்தில் உணவுச் சீட்டு முறை வந்தது. 1964-இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று.

பிறகு 1981. ரீகன் ஜனாதிபதி. உணவுச் சீட்டுக்கான பணத்தை வெட்டினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம். அதே சமயம், பால் விலை விழாமல் இருக்க சர்க்கார் வாங்கிக் குவித்த பாலாடைக்கட்டி கிடங்குகளில் மலையாகக் கிடந்து பூசணம் பூக்க ஆரம்பித்தது. கூச்சல் கிளம்பியதும், அந்த வருஷம் டிசம்பரில் 3 கோடி ராத்தல், சுமார் 13,600 டன் பாலாடைக்கட்டியை ஏழைகளுக்கு இனாமாகக் கொடுக்க ரீகன் கையெழுத்துப் போட்டார். யார் கொண்டுபோய்க் கொடுப்பது? தேவாலயங்களும் தர்மக் கூடங்களும் உணவு வங்கிகளும்தான். ஒரு கையால் சீட்டை வெட்டி, இன்னொரு கையால் பாலாடைக்கட்டியை நீட்டினார்கள். தற்காலிகம் என்று சொல்லி எண்பதுகளில் ஊருக்கு ஊர் முளைத்த உணவு வங்கிகள் இன்றுவரை மூடப்படவில்லை.

அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹெலன் பாலிட் என்று ஓர் அம்மாள், ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் கூடத்தில் வேலை பார்த்தவர். ஓட்டலில் உருளைக்கிழங்குத் தோலில் செய்த பலகாரம் சாப்பிடும்போது, "தோல் இங்கே இருக்கிறது, கிழங்கு எங்கே போயிற்று?" என்று கேட்டார். குப்பைக்கு என்றார்கள். மறுநாளிலிருந்து கிழங்கு கஞ்சிக் கூடத்துக்கு வந்தது. 1982-இல் நியூயார்க்கில் அவர் ஆரம்பித்த 'சிட்டி ஹார்வெஸ்ட்' இன்றும் லாரி லாரியாக ஓட்டல்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் உணவு எடுத்துக் கொடுக்கிறது. கிழங்கு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றியதே, அது பெரிய விஷயம். நம்மில் எத்தனை பேர் பந்தியில் உட்கார்ந்து அப்படிக் கேட்டிருக்கிறோம்?

இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நான் படித்ததில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

2005 வரையில் அந்த மத்திய ஸ்தாபனம் கம்பெனிகள் கொடுக்கிற சரக்கை வரிசைப்படி உணவு வங்கிகளுக்குப் பங்கு போட்டு வந்தது. உன் முறை வந்ததா, இந்தா ஒரு லாரி. அதில் என்ன இருக்கிறது என்பது உன் பாடு. உருளைக்கிழங்கு விளைகிற ஐடஹோ மாகாணத்துக்கே உருளைக்கிழங்கு போய்ச் சேரும். வேண்டாம் என்றால் வரிசை தவறிப்போகும். இதை மாற்ற சிகாகோ சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர்களைக் கூப்பிட்டார்கள். ஏலம் விடுங்கள், சந்தை தானே சரிசெய்துவிடும் என்று அவர்கள் சொன்னார்கள். கமிட்டியில் மிச்சிகன் மாகாணத்து உணவு வங்கியை நடத்திய ஜான் அர்னால்டு என்பவர் இருந்தார். தாம் ஒரு சோஷலிஸ்டு என்றும், சந்தையில் நம்பிக்கை இல்லாததனால்தான் உணவு வங்கி நடத்துவதாகவும் அவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

ஆனால் அவரும் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஏன்? அந்த ஏலத்தில் நிஜப் பணம் கிடையாது. 'பங்கு' என்று ஒரு கணக்கு நாணயம். அந்த நாணயத்தை யாருக்கு எவ்வளவு என்று எப்படிக் கொடுத்தார்கள்? எந்த வட்டாரத்தில் ஏழைகள் அதிகமோ, அங்கே அதிகம். கையில் இருக்கிற நாணயத்தை வைத்துத் தனக்கு வேண்டியதை ஒவ்வொரு உணவு வங்கியும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். கிழங்கு மலிவாகப் போயிற்று. கடலை வெண்ணெய்க்கும் மாக்ரோனிக்கும் கிராக்கி. தேவையானவர்களுக்குத் தேவையான சரக்கு போய்ச் சேர்ந்தது. ஏழை வட்டாரத்து உணவு வங்கிகள் முன்னைவிட நன்றாக இருந்தன. சரக்கு வீணாவது குறைந்தது. வெற்றிதான், மறுக்கவில்லை.

சந்தைக்கு வெற்றி என்று பேராசிரியர்கள் எழுதினார்கள். நான் கேட்கிறேன்: அது சந்தையா, ரேஷன் கார்டா? ஏலம் ஆரம்பிப்பதற்கு முன்பே, தேவையைப் பார்த்து ஒவ்வொருவர் கையிலும் வாங்கும் சக்தியைக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் சரக்கு பசித்தவனைத் தேடிப் போயிற்று. வெளியே இருக்கிற நிஜச் சந்தையில் அப்படி யார் கையில் யார் கொடுக்கிறார்கள்? மில்லில் ஓவர்டைம் பார்த்தும் மாசக் கடைசியில் கடன் சொல்லி அரிசி வாங்குகிற பெண், எந்த நாணயத்தை வைத்துக்கொண்டு ஏலம் கேட்பாள்? ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகத்தில் வீடுகளிலும் கடைகளிலும் ஓட்டல்களிலும் வீணான உணவு 105 கோடி டன். 2024-இல் பட்டினி கிடந்தவர்கள் 67 கோடிக்கு மேல். சரக்கு இல்லாத பட்டினி அல்ல, நாணயம் இல்லாத பட்டினி.

அமெரிக்காவில் உணவு வங்கி வாசலில் நிற்கிறவர்கள் யார்? சோம்பேறிகள் என்று அங்கேயும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2020-இல் அந்த நாட்டுப் பார்லிமெண்டின் தணிக்கை இலாகா ஒரு விசாரணை நடத்தியது. உணவுச் சீட்டு வாங்குகிறவர்களில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு எழுபது பேர் வாரம் 35 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்கள். எங்கே? வால்மார்ட் கடையிலும், மக்டொனால்ட்ஸ் ஓட்டலிலும், அது மாதிரி இடங்களிலும். உணவை அடுக்கி வைக்கிறவனுக்கும், பொட்டலம் கட்டுகிறவனுக்கும், மேஜைக்குக் கொண்டுபோகிறவனுக்கும் தன் வீட்டு உணவுக்குச் சீட்டு வேண்டியிருக்கிறது. அதே வால்மார்ட் உணவு வங்கிகளுக்குப் பெரிய தர்மப் பிரபுவும்கூட!

இதைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக் கூடாது. உணவு வங்கிகளின் தலைவர்களில் நல்லவர்கள் தங்கள் வேலையின் எல்லையை அறிந்தவர்கள். 2018-இல் ஃபீடிங் அமெரிக்காவின் தலைமைக்கு வந்த கிளேர் பாபினோ-ஃபோண்டினோ என்ற கறுப்பின அம்மாள் அதே வால்மார்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். லூசியானா மாகாணத்தில் அவருடைய பெற்றோர்கள் பெற்றும், எடுத்தும், ஆதரித்தும் 108 பிள்ளைகளை வளர்த்தவர்கள். பசித்த பிள்ளையைப் பக்கத்தில் பார்த்து வளர்ந்தவர். அவருடைய ஸ்தாபனம் திரும்பத் திரும்பச் சொல்கிற கணக்கு இது: உணவு வங்கிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வேளைச் சோறு போடுகிறது என்றால், சர்க்காரின் உணவுச் சீட்டு ஒன்பது வேளைச் சோறு போடுகிறது.

ஒன்றுக்கு ஒன்பது. இந்தக் கணக்கை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் அமெரிக்க சர்க்கார் பத்து வருஷத்துக்குச் சுமார் 18,600 கோடி டாலர் அளவுக்கு உணவுச் சீட்டுச் செலவை வெட்டிச் சட்டம் போட்டது. செப்டம்பரில், வருஷாவருஷம் பசியை எண்ணி வந்த விவசாய இலாகாவின் அறிக்கையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. நவம்பரில் பட்ஜெட் தகராறில் சர்க்கார் முடங்கி, 4 கோடிப் பேருக்கு மேல் நம்பியிருந்த சீட்டுப் பணம் தடைபட்டது. உணவு வங்கி வாசல்களில் கார்கள் மைல் கணக்கில் நின்றன. தொண்டர்கள் ராப்பகலாக உழைத்தார்கள். ஒன்று, ஒன்பதைத் தூக்க முடியுமா?

பிரான்சு தேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பெரிய கடைகள், விற்காத உணவை யாரும் பொறுக்கித் தின்னக் கூடாது என்று தொட்டியில் பிளீச்சிங் ஊற்றி வந்தன. 2016-இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் தர்ம ஸ்தாபனங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். கடைக்காரரின் தயவில் இருந்த விஷயம் கொஞ்சம் சட்டத்துக்குள் வந்தது. அந்த அளவுக்கு நல்லது.

நம் நாட்டுக்கு வருவோம். 2001-இல் ராஜஸ்தானில் வறட்சி. ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். அப்போது இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம். மழையில் நனைந்தும், எலி தின்றும் போயிற்று. மக்கள் சிவில் உரிமைக் கழகம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்த தானியத்தைத் தர்மம் செய்யுங்கள் என்று அவர்கள் மனுப் போடவில்லை. உயிர் வாழும் உரிமையில் உணவு அடங்கியிருக்கிறது என்று வழக்காடினார்கள். பள்ளிக்கூடங்களில் சமைத்த மதிய உணவு எல்லா மாகாணங்களிலும் போட வேண்டும் என்று அந்த வருஷம் நவம்பரில் உத்தரவு வந்தது. நமக்கு மதிய உணவு முன்பே பழக்கம், வட மாகாணங்களுக்கு அது புதிது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிடங்கில் இருந்த உபரி அதே உபரிதான், கேட்ட விதம் வேறு.

நம் கோவையிலேயே 2014-இல் பத்மநாபன் கோபாலன் என்ற வாலிபர் 'நோ ஃபுட் வேஸ்ட்' என்று ஆரம்பித்து, மண்டபங்களில் மீந்ததைப் பசித்தவர்களுக்குக் கொண்டு சேர்த்து வருவதை உங்களில் பலர் அறிவீர்கள். அதைப் பார்த்துத்தான் நம் வாலிபர்களும் கிளம்பியிருக்கிறார்கள். பந்தி இலையில் வைத்ததை யாரும் தொடுவதில்லை. அண்டாவில் பரிமாறாமல் மீந்ததைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே எச்சில் சோறு என்ற வார்த்தையை மூத்த தோழர் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அதே சமயம் வாலிபர்களுக்கும் சில வார்த்தை. சமைத்த சோறு விளையாட்டு அல்ல. ஆறிப்போனதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. தேங்காய் போட்ட கூட்டும், தயிர் சாதமும் முதலில் ஊசும். சந்தேகம் வந்தால் மாட்டுக்குப் போடுங்கள், மனிதனுக்குக் கொடுக்காதீர்கள். ஏழை வயிறு கல்லையும் செரிக்கும் என்பது பணக்காரன் கட்டிய கதை. அண்டா கழுவுகிற வேலை மாதர் தோழர்கள் தலையில் வந்து விழக் கூடாது. எடுத்தவர்களே கழுவ வேண்டும்.

இன்னொன்று. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டின் கொல்லைப்புறத்தில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றிருக்கிறேன். மூன்று பந்தி முடியும்வரை நிற்கச் சொன்னார்கள். பிறகு கரண்டியைத் தூக்கிப் பிடித்து, கைபடாமல் மேலிருந்து ஊற்றினார்கள். ரசம் சட்டையெல்லாம் தெறித்தது. சோறு நல்ல சோறு, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். நாற்பது வயது கடந்த பிறகும் அந்தக் கரண்டியின் உயரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே வண்டியை நிறுத்தி வரிசையில் நிற்க வைக்காதீர்கள். உட்காரச் சொல்லி, தட்டு வைத்து, பக்கத்தில் குனிந்து பரிமாறுங்கள். போட்டோ எடுக்கிறவன் நம் வண்டியில் ஏறக் கூடாது.

அதோடு, சாப்பிடுகிறவர்களிடம் பேச வேண்டும். எந்த ஊர், என்ன வேலை, கூலி எவ்வளவு, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், ரேஷன் கார்டு இருக்கிறதா, இல்லையென்றால் எந்தத் தாலுகா ஆபீசில் தடை என்று கேட்டு எழுத வேண்டும். வடக்கேயிருந்து வந்து நம் மில்களிலேயே வேலை பார்க்கிற பையன்கள் அந்தப் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு வேறு மாகாணத்துக் கார்டிலேயே இங்கே அரிசி வாங்க வழி உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. ஒரு வேளைச் சோற்றை வாலிபர்கள் வண்டியில் கொண்டுபோகட்டும். மற்ற ஒன்பது வேளைக்கு அந்த நோட்டு வேண்டும்.

அடுத்த முகூர்த்தம் புதன்கிழமை. வரவேற்பு முடிந்து அண்டா காலியாகும் நேரம் பார்த்து, ராத்திரி ஒன்பதரை மணிக்குச் சங்கக் கட்டிடத்திலிருந்து வண்டி புறப்படும். இரண்டு மூடி போட்ட தேக்சா, ஐம்பது தட்டு, ஒரு தண்ணீர் டிரம் வேண்டும். யார் தருகிறீர்கள் என்று இப்போதே சொல்லுங்கள். முன்சீட்டில் மூத்த தோழர் உட்கார்ந்து வர வேண்டும். நாற்பது பக்க நோட்டும் பேனாவும் அவருக்காக நானே வாங்கி வைத்திருக்கிறேன்.